படிக்காமல் விட்ட நாற்பது பக்கம்

நான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். உத்திரமேரூரைச் சுற்றி ஒன்பது கிராமங்கள் என் பொறுப்பு. எல்லோரும் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். டாக்டர் வேறு ஒருவர் இருக்கிறார் என்று முதல் சில வருடங்கள் திருத்திப் பார்த்தேன். "அவரும் டாக்டர்தான்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

இது போக, சென்னையிலிருந்து வரும் ஒரு மாத இதழுக்குப் புத்தக மதிப்புரை எழுதுகிறேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தது தவறுதலாக. இதழில் வந்த ஒரு கட்டுரையில் குறை கண்டு ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தேன். "இவ்வளவு குறை சொல்லத் தெரிந்தவர் எங்களுக்கே எழுதலாமே" என்று ஆசிரியர் ஒற்றை வரியில் பதில் போட்டார். கேலியாகத்தான் எழுதியிருப்பார். நான் சம்மதம் என்று மறுதபாலில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து மாதம் ஒரு பார்சல். துப்பறியும் நாவல், சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் நினைவுகள், வரலாறு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டுக் கட்டி அனுப்புவார்கள். அத்தனையையும் ஒரே பக்கத்துக்குள் முடிக்க வேண்டும்.

என் மதிப்புரைகள் முதல் இரண்டு வருடங்கள் சுமாராக இருந்தன. 'சிறப்பான நடை', 'சேமித்து வைக்க வேண்டிய நூல்' என்றெல்லாம் எழுதினேன். பிறகு திடீரென்று நன்றாக இருந்தன. அதற்குக் காரணம் ஒரு மாடு.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்தில் ஓர் அம்மாவிடம் மூன்று மாடுகள் இருந்தன. அவருக்கு என் வயதுதான் இருக்கும். நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போய்க்கொண்டே மாடும் வளர்த்து, பெண்ணைக் காஞ்சிபுரத்தில் காலேஜில் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். மூன்று மாடுகளில் ஒரு ஜெர்சிக்குச் சினை நிற்கவில்லை. நிற்காத மாடு இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து கத்தும். கத்தினால் எனக்குப் போன் வரும். வித்துவிடச் சொன்னேன். "அது இன்னா பண்ணும் பாவம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை நான் அந்தக் கொட்டகையில் நின்றேன்.

அந்த மாடு ஆளை அண்டவிடாது. ஆனால் யாராவது தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தால் அசையாமல் நிற்கும். அந்த அம்மா தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்வார். பின்பக்கம் நிற்கும் நான் பேச வேண்டும். மாட்டிடம் பேச எனக்கு விஷயம் எதுவும் இல்லாததால், அப்போது படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலின் கதையைச் சொன்னேன். மலை மேல் ஒரு பங்களா. விடியற்காலையில் முதலாளி கொலையுண்டு கிடக்கிறார். வீட்டில் எட்டுப் பேர். எல்லோரையும் உட்காரவைத்து, காபி கொடுத்து, போலீஸ் அதிகாரி விசாரிக்கிறார். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவில்லை, யாரும் எதையும் பார்க்கவில்லை.

ஊசி போட்டு முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"காபிக்குப் பால் ஏது?" என்றார் அந்த அம்மா.

"என்னம்மா?"

"யாரும் வரலன்றீங்க. காபி குடிக்கிறாங்கன்றீங்க. பால யாரு கொண்ணாந்தது? வெளியிலருந்து கொண்ணாந்தானா, அவன் பாத்துருப்பான். வூட்லயே மாடு கீதுன்னா, கறக்க ஒருத்தர் நாலு மணிக்கே எழுந்து இருப்பாங்க இல்ல? அவங்கள இன்னாத்துக்கு கேக்கல?"

நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். பால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'முன்னூறு பக்கத்திலும் ஒரு பால்காரர் காணாமல் போயிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கதை முடிந்திருக்கும்' என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் முதன்முறையாகப் போன் செய்து பாராட்டினார். நான் பணிவாக ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த முறை மாடு கத்தியபோது, அதிகாலையில் எழுந்து வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்ற புத்தகம் கையில் இருந்தது.

"எழுந்து இன்னா பண்றாரு அவரு?"

"நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிறார்."

"அத்த படுத்துக்கினே கவனிக்கலாமே."

அதையும் எழுதினேன். அதற்கடுத்து, தொண்டை நாட்டில் நடந்த போர்களைப் பற்றி ஒரு தடித்த நூல். அதில் பல்லவரும் சாளுக்கியரும் மோதிய புள்ளலூருக்குத் தனி அத்தியாயம். அந்த அம்மாவின் தங்கையைப் புள்ளலூரில்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் மாட்டை விட அவர் கவனமாகக் கேட்டார்.

"யாரு ஜெயிச்சது?"

"ரெண்டு பக்கமும் தாங்கள்தான் ஜெயித்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள்."

"யானைலாம் வந்துச்சா?"

"நிறைய வந்திருக்கிறது."

"நட்டு வச்சிருந்தாங்களா, அறுத்துட்டாங்களா?"

புத்தகத்தில் அது இல்லை என்றேன். "யானை வந்துச்சுன்னு தெரியுது, எது மேல நடந்துச்சுன்னு தெரியல. இன்னா படிச்சி எழுதினாரோ" என்றார். 'யானைகள் மிதித்த பயிர் எவருடையது என்ற கேள்வி இந்நூலில் ஓர் இடத்திலும் எழவில்லை' என்று என் மதிப்புரை தொடங்கியது. வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் 'புதிய பார்வை' என்று வாசகர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை வெட்டி டைரியில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம் காட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று.

அப்புறம் ஒரு நாவல் வந்தது. பல வருடங்களுக்கு முன் ஊரை விட்டுப் போன ஒருவன் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். எங்கே போனான், ஏன் போனான் என்று அவனும் சொல்வதில்லை, வீட்டில் யாரும் கேட்பதில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள், சாப்பிடுகிறான். முன்னூற்றுப் பதினொரு பக்கம். நான் இருநூற்று எழுபத்தோராம் பக்கத்தில் இருந்தபோது மாடு கத்தியது. மதிப்புரையை மறுநாள் காலை அனுப்ப வேண்டும்.

கொட்டகையில் வழக்கம்போல் கதையைச் சொன்னேன். பத்தடி தள்ளி, புங்க மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவரைப் பற்றி ஊருக்கே தெரியும். பெங்களூருக்குப் பெயின்ட் வேலைக்குப் போனவர், ஒன்பது வருடம் எந்தத் தகவலும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். அந்த அம்மா சோறு போட்டார். அவ்வளவுதான். எனக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்தே, அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு உறைக்கவில்லை. புத்தகங்களில் உள்ளர்த்தம் கண்டுபிடித்து எழுதுகிறவன் நான்.

அந்த அம்மா அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. மாட்டின் காதுப் பக்கம் குனிந்து, "வராமலே இருந்துருக்கலாம் அவன்" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

நல்ல வரி கிடைத்துவிட்டது என்று வண்டியை எடுத்தேன். 'கதாநாயகன் திரும்பி வராமலே இருந்திருக்கலாம். நாவலும்தான்' என்று மதிப்புரையை முடித்தேன். கடைசி நாற்பது பக்கங்களைப் படிக்கவில்லை.

இதழ் வெளிவந்த வாரம் அந்த அம்மாவின் பெண் போன் செய்தாள்.

"சார், அம்மா உங்கள உடனே வரச் சொல்லுது."

"மாடு கத்துதா?"

"மாடு இல்ல சார். அம்மாதான்."

போனேன். அந்தப் பெண் போனைக் கையில் வைத்திருந்தாள். இதழ்க்காரர்கள் மதிப்புரைகளை இப்போது இணையத்திலும் போடுகிறார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது, அன்று காலை வரை.

"இத்த நீங்கதானே எழுதினது?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா."

"இது நான் சொன்னது."

இதற்கு வழியிலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். மதிப்புரையாளன் பலருடைய குரலையும் கேட்கிறவன் என்று அது ஆரம்பிக்கும். ஆரம்பிக்க விடவில்லை.

"நான் சொன்னத எழுதினதுக்கு ஒன்னும் சொல்லல சார். பால் சமாச்சாரம், யானை சமாச்சாரம் எல்லாத்தையும் பொண்ணு படிச்சிக் காட்டிச்சு. அதெல்லாம் சரியாத்தான் எழுதிக்கிறீங்க. இது தப்பு."

"எதும்மா தப்பு?"

"அந்த ஆளு வராம இருந்துருக்கலாம்னு சொன்னேன். கதை வேணான்னு நான் எப்போ சொன்னேன்? நல்ல கதை சார் அது. நீங்க போனப்புறம் ரெண்டு நாளு எனக்கு வேலையே ஓடல."

அந்த அம்மா கட்டில் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இத்தப் பொண்ணு படிக்கசொல்ல அவரும் இங்கதான் குந்திக்கினு இருந்தாரு. எழுதினது யாருன்னு பொண்ணு சொல்லல. ஆனா இது உன் பேச்சாச்சேன்னு என்னைப் பாத்துக் கேட்டாரு. ரெண்டு நாளா சோறு துன்னல."

என் மதிப்புரைகளில் அந்த அம்மாவின் குரலை முதலில் அடையாளம் கண்டவர் அவர்தான். ஆசிரியராலும் பேராசிரியராலும் முடியாதது.

வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். ஊர் திரும்பியதிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார், கடைசில அவன் வூட்ல இருக்கிறானா, போயிட்றானா?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்றுதானே. ஆனால் எந்தப் பொய்யைச் சொல்வது என்று தெரியவில்லை.

"தெரியாதுங்க. நாற்பது பக்கம் பாக்கி."

"படிக்காமயா எழுதினீங்க?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்."

"எங்க காலேஜ்ல இப்பிடி எழுதினா திருப்பிக் குடுத்துருவாங்க சார்" என்றாள் பெண்.

மறுநாள் மதியம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகைப் பக்கம் நிழலில் மூவரும் உட்கார்ந்தார்கள். இருநூற்று எழுபத்தோராம் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். முப்பது பக்கத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு பொங்கல் வருகிறது. தெருப் பக்கத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கும்படி அவனிடம் சொல்கிறார்கள். அடிக்க ஆரம்பிக்கிறான். பாதிச் சுவர் முடிகிறது, வாளியைக் கீழே வைக்கிறான். நாவல் முடிந்துவிட்டது.

"மீதி செவுரு?" என்றார் வீட்டுக்காரர்.

"அவ்வளவுதாங்க. அதுக்கு மேல பக்கம் இல்லை."

சுவர் வேலையில் அவருக்குத் தெரியாதது இல்லை.

"அப்போ இருக்கிறான். பாதி அடிச்சுட்டு எவனும் போவ மாட்டான்."

"போறவன் பாதிலதான் போவான்" என்றார் அந்த அம்மா.

"நான் ஒரு வேலையையும் பாதில வுட்டதில்ல."

"வேலைய வுட்டதில்ல."

பெண் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தின் பின்னட்டையைப் படித்தேன். அதில் இருந்த விலையையும் பதிப்பகத்தின் முகவரியையும் இரண்டு முறை படித்தேன். கடைசியில் வீட்டுக்காரர், "ஆமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். எப்போதும் வைத்துவிட்டுப் போய்விடுவாராம். அன்று போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிட்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

திருத்தம் போட வேண்டும் என்று இதழ் ஆசிரியருக்கு எழுதினேன். அச்சுப்பிழைக்குத்தான் திருத்தம் போடுவோம், அபிப்பிராயத்துக்குப் போடுவதில்லை என்றார். போடாவிட்டால் இனி எழுத மாட்டேன் என்றேன். அதற்கு அவர் பயந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வாசகர் கடிதங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று வரி வந்தது. மதிப்புரை எழுதியவர் நாவலை முடிவு வரை படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அது நல்ல நாவல் என்று ஒரு வாசகர் அவருக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்த வாசகரின் பெயரைப் போடலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். "வாணாம் சார். அப்பால ஊர்ல எல்லாம் கதை கேக்க வந்து குந்திக்குவாங்க. எனக்கு வேல கீது" என்றுவிட்டார்.

நாவலை எழுதியவர் எனக்குப் போன் செய்தார். கோபமாக இல்லை. அந்த வாசகர் பேராசிரியரா என்று கேட்டார். மாடு வளர்க்கிறார் என்றேன். "நல்லது" என்றார்.

வீட்டுக்காரர் இப்போது வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பெயின்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். காலையில் போய் சாயந்திரம் வந்துவிடுகிறார். இருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவும் கேட்பதில்லை. நான் எல்லாப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன். அதனால் மாதத்துக்கு இரண்டு புத்தகம் குறைந்துவிட்டது.

போன மாதம் மாடு கத்தியபோது, செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்புவது பற்றி ஒரு நூல் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டுக்காரரும் கொட்டகையில் நின்றார். அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது, இப்போது பனிக்கட்டிதான், போனால் திரும்பி வருவது உறுதியில்லை என்று சொன்னேன்.

"அப்போ இன்னாத்துக்குப் போறாங்க?" என்றார் அவர்.

"வூட்ல இருக்க முடியாதவங்க எங்கயாவது போவாங்க" என்றார் அந்த அம்மா, தலைக்கயிற்றை விடாமல்.

நல்ல வரி. இதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்த அம்மா மாட்டுக்கு மேலாகத் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அவரக் கேளுங்க."

அவர் தண்ணீர் வாளியை மாட்டின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"போட்டுக்கோங்க சார்" என்றார்.