என்ஜினுக்குத் தலகாணி

சண்டைக்காலம் அது. ரப்பரெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்று உத்தமபாளையத்துக் கடைகளில் கையை விரித்தார்கள். எங்கள் மாட்டுக்கொட்டத்திலோ, உத்திரத்தில் சங்கிலி போட்டு ஒரு என்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது.

மலைமேல் ஏலத்தோட்டத்துத் துரை போட்டுவிட்டுப் போன கார். தோட்டத்து லாரி ஓட்டிய என் மாமா, அதை மாடு பூட்டி இழுத்துவந்து, மழைக்காலம் முழுக்கப் பிரித்து, துருவைச் சுரண்டி, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். சவாரி ஆசையால் அல்ல. ஆத்தா மாசமாக இருந்தது. முந்தின பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்து, பெரியகுளத்து ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போகிற வழியிலேயே செத்துப்போனது. இந்தத் தடவை காரில்தான் என்று மாமா தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முன்னால் என்ஜினுக்கு ஒன்று, பின்னால் கியர்பெட்டிக்கு இரண்டு என்று அடிச்சட்டத்தின்மேல் மெத்தை வைக்க வேண்டும். பழைய ரப்பர் கருப்பட்டிபோல உதிர்ந்துவிட்டது. மவுண்டிங் என்று அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

"என்ஜினுக்குத் தலகாணி, தாயி. இத வச்சிட்டா உங்க ஆத்தாவுக்கு ஆட்டமே தெரியாது. தூங்கிக்கிட்டே போகலாம்."

அய்யா, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைத் தோலை அறுத்துக் கொடுத்தார். மாமா அதை அடுக்கடுக்காக வெட்டித் தைத்து மெத்தையாக்கினார். அய்யாவுக்கு மனசு ஆறவில்லை. எல்லாவற்றையும் விளக்கெண்ணெய்ச் சட்டியில் ஊறப்போட்டார். கமலைத் தோலுக்கு வருசாவருசம் செய்கிற வைத்தியம். அவருக்குத் தெரிந்த பிரியமெல்லாம் எண்ணெயாகத்தான் இறங்கும்.

"மச்சான், இதென்ன, தண்ணி எறைக்கிற சாலுன்னு நெனச்சிகளா?"

"தோலு தோலுதான் மாப்ள. காஞ்சா வெடிக்கும். எறைக்கிறவனுக்குத் தெரியும், ஓட்டுறவனுக்கு என்ன தெரியும்."

மாமா அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்தது. "மெத்துமெத்துன்னுதான் இருக்கு," என்று சிரித்துக்கொண்டே சட்டத்தில் வைத்தார். சங்கிலியைத் தளர்த்த, அடைக்கு உட்காரும் கோழிபோல என்ஜின் இறங்கி அமர்ந்தது. போல்ட்டை முறுக்கினார். காற்றாடிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். இடம் இருந்தது.

ஒரு மத்தியானம் வலி வந்தது. பின்சீட்டில் ஆத்தாவின் தலை என் மடியில், காலடியில் மருத்துவச்சி, முன்னால் மாமாவும் அய்யாவும். சின்னமனூர் தாண்டும்வரை மாமா சொன்னபடியேதான். பிறகு கார் நடுங்கத் தொடங்கியது. வயலும் வாய்க்காலும் தென்னையும் நடுங்கின. ஆத்தா பல்லைக் கடிப்பது என் தொடையில் தெரிந்தது. வீரபாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில், இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். கார் நின்றுவிட்டது.

மாமா மூடியைத் தூக்கினார். ஊறிய தோல் சூட்டில் எண்ணெயைக் கக்கி நசுங்கியிருந்தது. என்ஜின் முன்னுக்குச் சாய்ந்து, காற்றாடி ரேடியேட்டரைக் கிழித்திருந்தது. வெந்நீர் புழுதியில் ஓடியது. அய்யா மாட்டுவண்டி தேடி ஊருக்குள் ஓடினார். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க மாமாவும் அவரும் அந்தத் தோலைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஆட்டம் நின்றிருந்தது. ஆத்தாவின் முனகலும் நின்றிருந்தது. நெற்றியில் வேர்வை மட்டும் மிச்சம். மருத்துவச்சி ஆத்தாவின் வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா மட்கார்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். பெரியவர்கள் ஒரு ரேடியேட்டருக்காக இப்படியா அழுவார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வண்டியோடு அய்யா மூச்சிரைக்க வந்தபோது உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

"சத்தம் போடாதீக அய்யா. மாமா வச்ச தலகாணி நல்லாருக்கு. ஆத்தா தூங்கிருச்சு."