இயந்திரத்துக்கு எழுதிய ஒற்றை வரி

ஒஸ்லோவில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் மூன்று வருடமாக ஒரே மனிதருடன் ஏறி இறங்குகிறேன். ஒரு வணக்கம்கூடக் கிடைத்ததில்லை. அதே ஊரில் எனக்குச் சம்பளம் தருவதே ஓர் இயந்திரத்துக்குப் பொறுமையாக விளக்கம் சொல்வதற்குத்தான். குடிவரவு நேர்முகங்களுக்கான வரிசையை நடத்தும் எங்கள் நிறுவனத்தில், ஆட்கள் கேட்கும் அலுவலைத் தானே செய்துமுடிக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர் அது. அதன் கையில் சில கருவிகள் இருக்கின்றன. ஒன்று நேரம் பதியும், ஒன்று திகதியை மாற்றும், ஒன்று பதிவை நீக்கும். எதை எப்போது எடுப்பது, எப்போது தொடக்கூடாது என்று நான் எழுதிவைப்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. நீக்கும் கருவிக்கு நான் ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: "பதிந்த நேரத்தை விடுவிக்கும்."

மன்னாரின் அரிப்பு என்ற ஊரைச் சேர்ந்த ராணி அக்கா இங்கே முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்கிறார். ஊரிலிருக்கும் கணவரை இங்கே அழைப்பதற்கான குடிவரவு நேர்முகத்துக்கு ஒன்றரை வருடம் காத்திருந்து ஒரு நாள் கிடைத்தது. அன்றைக்குத்தான் இறந்துபோன தாய்க்குத் தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை. வேறு நாளுக்கு மாற்றும்படி எங்கள் முகவரிடம் கேட்டார். மாற்றுவதென்றால் முதலில் விடுவிக்கத்தானே வேண்டும் என்று அது எடுத்துக்கொண்டது. விடுவித்ததும் வரிசையில் அவருடைய இடமே போய்விட்டது. 'உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று செய்தி மட்டும் வந்தது.

பூசை முடிந்து தேவாலய வாசலில் அந்தச் செய்தியை எனக்குக் காட்டினார். "புது நாள் எப்ப வரும் பிள்ளை? கந்தோருக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு நான் ஒண்டும் கேக்கேல்லை." முகவரின் பதிவைத் திறந்து பார்த்தேன்; காரணம் நான் எழுதிய அந்த வரி.

ஏன் ஒற்றை வரி எழுதினேன்? தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான பேசாலைக்குத் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோர்ச் சுவரில் 'தேவையான ஆவணங்களுடன் வரவும்' என்று ஒட்டியிருந்தார்கள். எவை என்று எழுதவில்லை. அப்பா கடலுக்குப் போகாமல் பஸ் ஏறிப் பிறப்புச் சான்றிதழுடன் போனார். முகாம் அட்டை எங்கே என்றார்கள். அதைக் கொண்டுபோனார், கிராம சேவகரின் கடிதம் எங்கே என்றார்கள். ஒவ்வொரு முறையும் "நாளைக்கு வாங்கோ." என்னையும் கூட்டிப்போன நாளில் வாசலில் வைத்தே சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு பிள்ளை. கூடக் கதைச்சா வினை." அப்படி வளர்ந்த கைதான் இங்கேயும் ஒரு வரியோடு நின்றுவிட்டது. கோபம் முதலில் என்மேல்தான். ஆனால் அதோடு அடங்கவில்லை. இயந்திரம் குழம்பக்கூடாது என்று இத்தனை பேர் மண்டையை உடைக்கிறோம். என் அப்பா குழம்பக்கூடாது என்று எவன் ஒரு வரி கூடுதலாக எழுதினான்?

மேலாளர் மார்த்தினிடம் போனேன். "முகவர் பிழை விடவில்லை, விளக்கம்தான் போதாது. ஒரு நேரம்தானே, விடு" என்றார். "அது நேரமில்லை, ஒரு பெண்ணின் புருஷன்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அன்றே திருத்தி எழுதினேன்: "இது பதிவை முற்றாக நீக்கும். வரிசையில் உள்ள இடமும் போகும். திரும்பப் பெற முடியாது. திகதி மாற்றக் கேட்டால் இதைத் தொடாதே. மாற்றும் கருவியை எடு. சந்தேகமென்றால் கேட்டவரிடமே கேள்." மார்த்தின் அதை எல்லோருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். ராணி அக்காவின் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும், முறைப்பாடு எழுத்தில் வரட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குசினியில், அடுப்பருகே இருந்த மேசையில் எழுத உட்கார்ந்தேன்.

"அவையளோட கோவிக்காதை பிள்ளை. நான் கேட்ட விதம் பிழையோ தெரியேல்லை."

"இல்லை அக்கா. பிழை எங்கட. அந்த வரியை நான்தான் எழுதினனான்."

அக்கா தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி, "அப்ப வடிவா எழுது" என்றார்.

நோர்வீஜிய மொழியில் மூன்று பக்கம். ஒன்றும் விடவில்லை. அடியில் அக்கா கையெழுத்து வைத்தார். அன்றிரவே படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினோம்.

திங்கட்கிழமை காலை அந்தக் கடிதம் என் மேசைக்கே வந்தது. கூடவே மார்த்தினின் குறிப்பு: "நீ இவர்களுடைய ஆள். மனம் நோகாமல், சுருக்கமாக மறுத்து எழுதிவிடு." என் இடப்பக்கம், ராணி அக்காவின் கையெழுத்துக்கு மேலே நான் எழுதிய மூன்று பக்கம். வலப்பக்கம், நிறுவனத்தின் பெயர் போட்ட தாள்; அதன் அடியில் என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. தலைப்புக்கும் என் பெயருக்கும் நடுவில் இன்னும் ஒரு வரியும் நான் எழுதவில்லை.