பிள்ளைக்காரி இறங்கட்டும்

என் கை வெங்காயம் நட்டுப் பழகிய கை. செட்டிகுளத்துப் பக்கம் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். மண் அணைத்த பார் ஓரமாகக் குந்தி, விதை வெங்காயத்தைக் கட்டைவிரலால் மண்ணில் அழுத்தி, முன்னால் முன்னால் நகர்ந்துகொண்டே போவோம். எங்கள் ஆட்கள் இருபது பேர் கொல்லையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் வேலை முடியும், ஊர் வம்பு பேசவும் நேரம் மிஞ்சும். பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை ஏய்த்துவிட்டது. கிணற்றில் விட்ட வாளி தரையைத் தட்டியது. வெங்காய நடவும் இல்லை, வேலையும் இல்லை. புரட்டாசியில் ஆள் பிடிக்கிற தரகர் ஒருத்தர் வந்தார். தா.பழூர்ப் பக்கம் நெல் நடவு, விடியக்காலம் லாரியில் கூட்டிப்போய்ப் பொழுதோடு கொண்டுவந்து விட்டுவிடுவேன், கைப்பிள்ளை மட்டும் கூடாது என்றார். எனக்கு அப்போது எட்டு மாதத்தில் ஒரு பெண். மாமியாரிடம் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் லாரியில் ஏறினேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

நெல் நட்டிருக்கிறீர்களா என்று அந்தத் தரகர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்போம்.

வெயில் ஏற ஏறப் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர் கட்டிய வயல். வரப்பு நெடுக அந்த ஊர்ப் பெண்கள், முப்பது நாற்பது பேர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காலிலும் சேறு இல்லை. நாற்று பறிக்கிற ஆண்களும் எதிர் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் பறித்துக் கட்டிய நாற்று முடிகள் கொஞ்சம் வயலில் வீசிக் கிடந்தன, மிச்சம் கரையில் குவிந்து கிடந்தன. ஊரில் ஏதாவது சாவோ என்று நினைத்தேன். பண்ணையின் காரியங்களைப் பார்க்கிற ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்து, "எறங்குங்க, எறங்குங்க, அவளுவள பாக்காதீங்க" என்றார்.

இறங்கினோம். எங்களுக்குத் தெரிந்த விதத்தில் நட்டோம். அதாவது முன்னால் நடந்து நட்டோம்.

நெல் நட்டவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நெல்லைக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும், நட்டது கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும். நாங்கள் ஒரு வரிசையை நட்டுவிட்டு, அதைத் தாண்டிக் காலை வைத்தோம். சேறு முழங்கால்வரை இழுத்துக்கொண்டது. காலைப் பிடுங்கினால் நாற்றும் கூடவே வந்தது. வெங்காயத்தை அழுத்துகிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தியதில் பாதி நாற்று ஆழத்தில் புதைந்துபோனது, மீதிப் பாதி மிதந்தது. காரியக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

வரப்பில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் அத்தனை பேரும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்னாத்துக்கு இளிக்கிறீங்க? நீங்க வந்து எங்க ஊருல வெங்காயம் ஊனிக் காட்டுங்க பாப்பம்" என்றேன்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த ஒரு அக்கா, நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கோச்சுக்காத தங்கச்சி. எந்த ஊரு நீங்க? எங்க வேலைய எடுக்க வந்திருக்கீங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள்.

சத்தியமாகத் தெரியாது. அதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அவர்கள் கூட்டத்தில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். கரையில் இருந்த கருவேல மரத்தில் சேலையைக் கட்டி ஏணை போட்டிருந்தாள். அந்த ஊரில் ஒரு வழக்கம். பிள்ளை அழுதால் தாய்க்காரி கரையேறிப் பால் கொடுத்துவிட்டு வருவாள். அவள் விட்டுப்போன பங்கை இரண்டு பக்கத்தில் நிற்கிறவர்களும் சேர்த்து நட்டுவிடுவார்கள். அவள் திரும்பி வரும்போது வரிசை நேராகத்தான் இருக்கும். அன்றைக்குக் காலையில் காரியக்காரர் வந்து, பச்சைப் பிள்ளைக்காரிக்கு இங்கே வேலை கிடையாது, வீட்டுக்குப் போ என்று அவளை மட்டும் நிறுத்திவிட்டார்.

"அவ பங்கயும் நாங்கதாங்க நடுறோம், ஒங்களுக்கு என்னாங்க கொறஞ்சு போச்சுன்னு கேட்டேன். நான் வச்சதுதான் சட்டம்ங்கறாரு" என்றாள் அந்த அக்கா.

ஒரு நாள் வேலைதானே என்று எனக்குத் தோன்றியது. அது அப்படி இல்லையாம். நடவில் நின்ற ஆட்களைத்தான் களை எடுக்கவும் கூப்பிடுவார்கள், தையில் அறுப்புக்கும் அவர்களைத்தான் விடுவார்கள். அறுப்பில் கிடைக்கிற நெல்தான் அவர்கள் வீட்டில் வருஷத்துச் சோறு. முதல் நடவில் நிறுத்தப்பட்டவளுக்கு அந்த வருஷம் அடுப்பு எரியாது. அதனால்தான் நாற்பது பேரும் கால் நனைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மரத்தடியில் இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் வயதுதான். ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை சிணுங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு மார் கடுத்து ரவிக்கை நனைந்துவிட்டது. காலையிலிருந்து கட்டிக் கிடந்த பால். என் பிள்ளை செட்டிகுளத்தில் கூழைத் துப்பிக்கொண்டு அழுதுகொண்டிருக்கும், நான் இங்கே இன்னொருத்தி பிள்ளைக்குக் குழி பறித்துக்கொண்டு நிற்கிறேன். யார்மேல் என்று தெரியாமலிருந்த ஆத்திரத்துக்கு அப்போது ஆள் கிடைத்துவிட்டது.

கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றிலேயே போட்டுவிட்டுக் கரையேறினேன்.

என் நாத்தனாரும் எங்கள் கூட்டத்தில் இருந்தாள். "அடியே, கூலி இல்லாம போனா வூட்டுல என்னாத்த பொங்குவ? நமக்கு எதுக்கு இந்த ஊரு வம்பு?" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பு இல்லை. அவளுக்கு மூன்று பிள்ளைகள். நான் அவளிடம் சண்டை போடவில்லை. "ஒம் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நீ வெங்காயம் ஊனலயா அண்ணி? ஏணைய அவுத்துட்டுப் போடின்னு ஒன்ன எவனாவது சொன்னானா?" என்று மட்டும் கேட்டேன். அவளும் கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் போட்டாள். பிறகு காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவள் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள்.

காரியக்காரர் குடையை மடக்கி எங்களை நோக்கி நீட்டினார். "கூலியும் கெடையாது, லாரியும் கெடையாது. எப்புடி ஊரு போய்ச் சேருறீங்கன்னு பாக்குறேன்."

"நடந்து போறோம். எங்களுக்கு முன்னாடி நடக்கத்தான் நல்லா வரும்" என்றேன். அந்த ஊர்ப் பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை நாங்களும் சிரித்தோம்.

"ஒருத்தியும் நடக்க வேணாம். ஆளுக்கு ஒரு வூட்டுல படுத்துக்கங்க, காலையில பஸ் ஏத்தி விடுறோம்" என்றாள் அந்த அக்கா. பஸ்ஸுக்கு அவர்களிடம் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவள் சொன்னபோது நாங்கள் நம்பினோம்.

வரப்பில் இடம் விட்டு எங்களை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தூக்குச்சட்டியில் பழைய சோறு இருந்தது. எங்கள் முந்தானையில் கம்பஞ்சோறும் சின்ன வெங்காயமும் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத் தின்றோம். எங்கள் வெங்காயத்தைக் கடித்துவிட்டு, "காரம் ஒங்க வாயி மாதிரியே இருக்குது" என்றாள் ஒருத்தி. நான் வாய்க்கால் மறைவில் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்தேன். பால் தண்ணீரோடு போனது. பிள்ளையை விட்டுவிட்டு இனி எந்த லாரியிலும் ஏற மாட்டேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஏறவும் இல்லை. பிள்ளையோடு ஏற விடாத லாரியிலிருந்து இரண்டு தடவை மற்றவர்களையும் இறக்கியிருக்கிறேன்.

உச்சி வெயிலில் காரியக்காரர் கரையில் குவிந்திருந்த நாற்று முடிகளுக்குள் கையை விட்டுப் பார்த்தார். நாற்று உள்ளுக்குள் சூடேறி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பொழுது போனால் அந்த வயலுக்கு முறை வைத்து விடுகிற தண்ணீரும் நின்றுவிடும். காரியக்காரர் பண்ணையார் வீட்டுப் பக்கம் போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியாக வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, அவளும் எறங்கட்டும். எல்லாரும் எறங்குங்க" என்றார்.

"இவங்க இருபது பேரு?" என்று கேட்டாள் அந்த அக்கா.

"அவளுவளுக்குத்தான் நடத் தெரியாதே."

"நாங்க சொல்லித் தரோம். கூலியும் உண்டு, லாரியும் உண்டுன்னு சொல்லுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எங்களை ஒருத்தி விட்டு ஒருத்தியாகத் தங்கள் வரிசைக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்போரம் நின்றோம், பின்னால் கால் வைத்து இறங்க. அந்தப் பிள்ளைக்காரிக்குப் பக்கத்து இடம் எனக்கு. அவள் இடம் காலியாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவள் மரத்தடியில் பிள்ளையை ஏணையிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னா? பொழுது போவுதுல்ல" என்று கத்தினார் காரியக்காரர்.

அந்த அக்கா திரும்பக்கூட இல்லை. "புள்ள பால் குடிக்குது. குடிச்சு முடிச்சதும் அவ எறங்குவா. அவ எறங்குனதும் நாங்க எறங்குறோம்" என்றாள்.

அறுபது பெண்கள் வரப்பில் நின்றோம். ஒருத்தி காலும் தண்ணீரில் படவில்லை. பிள்ளை அவசரப்படவே இல்லை. குடித்தது, கண்ணசந்தது, மறுபடி விழித்துக் குடித்தது. அவள் அந்த மாரிலிருந்து இந்த மாருக்கு மாற்றினாள். காரியக்காரர் குடையை விரித்தார், மடக்கினார், விரித்தார். பிறகு வேறு வழியில்லாமல் அவரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்.