குழாய அகலமா கேட்ட அண்ணி

எங்க அண்ணி அணுவுக்குள்ள இருக்கிற புரோட்டான ஓட வைக்கிற மெஷினுக்கு டிசைன் போடுறவங்க. வேலை குடுத்த ஆராய்ச்சிக்கூடம் வெளிநாட்டுல. அண்ணி உக்காந்து வேலை பாக்குறது மலேசியாவுல, கூலாயில, எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில. நான் ஃபார்ம் த்ரீயோட, அதான் ஒம்பதாம் வகுப்போட, ஸ்கூலுக்கு டாட்டா காட்டிட்டு, சிங்கப்பூர் ஃபேக்டரியில மெஷின் ரிப்பேர் பண்றவன். "அண்ணி, இந்தப் புரோட்டானுக்கெல்லாம் நம்ம ஊரு புரோட்டான் காரு மாதிரி லைசன்ஸ் இருக்கா?"ன்னு கேட்டே அவங்க உயிர வாங்குவேன். கொழுந்தனுக்கு அந்த உரிமை கூட இல்லன்னா எப்படி?

அன்னிக்கு எனக்கு லீவு. அண்ணிக்கு சாயந்தரம் ஆன்லைன் மீட்டிங். புரோட்டான் ஓடுற குழாய சின்னதாக்கச் சொல்றாங்க மேல உள்ளவங்க. குழாய் சின்னதுன்னா சுத்தி வெக்கிற காந்தமும் சின்னது, செலவு கம்மி. அண்ணி மட்டும் அகலமாத்தான் வேணும்னு நிக்கிறாங்க. டீம்லயே புதுசு அவங்கதான்.

"ஏன் அண்ணி இவ்ளோ அடம்?"

"காலையில சிங்கப்பூர் பாலத்துல மோட்டார் சைக்கிள்ல போறியே, எல்லாரும் நேராவா போறீங்க?"

"எங்க! ஓரத்துல மாட்டுனவன் சுவத்துல கண்ணாடிய உரசிட்டுத்தான் போவான்."

"இங்கயும் அதான்டா. கூட்டம் ஜாஸ்தி, ஒண்ண ஒண்ணு தள்ளும். ஓரத்துல போறது குழாயில மோதும். கொஞ்சூண்டு மோதுனாலே போதும், மெஷின நிறுத்துன பிறகும் அந்தக் குழாயிலேர்ந்து கதிர்வீச்சு வந்துக்கிட்டே இருக்கும். அப்ப உள்ள பம்பு கெட்டா யாரு போவா?"

எங்க ஃபேக்டரியில பம்பு கெட்டா நான்தானே போறேன்.

மீட்டிங் ஓடுறப்ப அடுப்படியில மீ நூடுல்ஸ் கிண்டிக்கிட்டே காது குடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், கோவம் முழுசா புரியும். ஒருத்தர் ரிப்பேருக்கு ரோபோவ உள்ள அனுப்பிக்கலாமேன்னார்.

"ரோபோ உள்ள மாட்டிக்கிச்சுன்னா, அத எடுக்க யார அனுப்புவீங்க?"ன்னு அண்ணி கேட்டாங்க. அத கேட்டுக்கிட்டே நின்னதுல என் மீ அடிபிடிச்சிருச்சு.

கடைசியில அண்ணி கேமராவ மூடிட்டு மேசையில தலைய சாச்சாங்க.

"ஜெயிச்சிட்டீங்களா?"

"பாதி. கடைசிப் பகுதிக்கு அகலம் குடுத்துட்டாங்க. அங்கதான் வேகம் ஜாஸ்தி, ஆபத்தும் ஜாஸ்தி. நடுப்பகுதிக்கு இன்னும் ஒத்துக்கல. ரிப்பேர் பண்றவன் அங்க எவ்ளோ நேரம் நிக்கலாம்னு மறுபடி கணக்குப் போட்டுக் காட்டணும்."

அண்ணிக்குக் கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. மீ தட்ட முன்னால தள்ளுனேன். கருகுனத என் பக்கம் எடுத்துக்கிட்டேன்.

"அரை மணி நேரம்னு வெச்சுக்கவா?"ன்னாங்க.

"அலமாக், ஐயய்யோ! என்னய மாதிரி ஆளு போனான்னா ஸ்பானர தேடவே அரை மணி நேரம் ஆவும் அண்ணி. கொஞ்சம் கூட்டிப் போடுங்க லா."

அப்பத்தான் சிரிச்சாங்க. "அவ்ளோ நேரம் நிக்கணும்னா கதிர்வீச்சு கம்மியா இருக்கணும், நடுவுலயும் குழாய் அகலமாகணும்டா"ன்னு சொல்லிட்டு, ஒரு வாய் மீயோட லேப்டாப்ப மறுபடி தொறந்தாங்க.