பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு ஒரு வீடு

எனக்குத்தான் பொலிஸ் ரிப்போர்ட் முதலில் வந்தது. இந்த நாட்டில் என் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று முத்திரை குத்தி எழுதியிருந்தார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரியோடு தெருவே கேட்கச் சண்டை பிடித்தவள் நான். பள்ளிக்கூட வாசலிலும் வாய்க்காரி என்று பெயர் வாங்கியவள். என் கணவரோ, பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற மனிதர். அவருடைய ரிப்போர்ட் வரவில்லை. அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவரைச் சீண்டினேன்.

கனடாவில் ஒரு லொறிக் கம்பனி அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கத்தாரில் பாரவாகனம் ஓட்டிய அனுபவம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அவர், நான், மகள் மூன்று பேருக்கும் விசா. விசாவுக்குக் கேட்ட பேப்பர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்துவிட்டன. பொலிஸ் ரிப்போர்ட் மட்டும்தான் மிச்சம். எந்தெந்த நாட்டில் குடியிருந்தோமோ அந்தந்த நாட்டுப் பொலிஸ் நாம் ஒழுங்கான ஆட்கள் என்று எழுதித் தரவேண்டும். எனக்கு ஒரு நாடு போதும். ஏறாவூரை விட்டு நான் எங்கே போனேன்? அவருக்கு இரண்டு, இலங்கையும் கத்தாரும். பனிக்காலம் தொடங்குமுன் ஆள் வந்து சேரவேண்டும், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று கம்பனிக்காரர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அவர் எதற்காகப் போக ஆசைப்பட்டார் என்பதைச் சொல்லவேண்டும். சம்பளம் ஒரு காரணம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது பெரிய காரணம் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. பிள்ளை பிறந்தவுடனேயே தகப்பன் வீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். கல்யாணத்தோடு வீடும் அது நிற்கிற வளவும் பெண்ணின் பேரில் எழுதப்படும். மாப்பிள்ளை வந்து சேருவார். என் கணவர் தன் முதல் கத்தார்ச் சம்பளங்களில் ஓட்டமாவடியில் தன் உம்மாவின் வளவில் தங்கச்சிக்கு வீடு கட்டினார். லீவில் வந்து நின்று, நிலத்துக்கு மாபிள்கூடத் தன் கையாலேயே பதித்தார். தங்கச்சிக்குக் கல்யாணமாகி அவள் மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் வந்தார். இவர் ஒரு பேக்கோடு ஏறாவூருக்கு, என் வாப்பா கட்டிய என் வீட்டுக்கு வந்தார். பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். வளவின் பின்பக்கம் அவளுக்கு அத்திவாரம் போட, இவர் திரும்பவும் கத்தாருக்குப் போனார். அந்தச் சுவர் இன்னும் ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. மனிதன் வாழ்நாளில் பாதியை வீடு கட்டுவதிலேயே கழித்தார், எல்லாம் பெண்களுக்கு.

என் வாப்பாவும் உம்மாவும் உள்ளறையில் எங்களோடுதான் இருந்தார்கள். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் இவர் வாப்பாவிடம், அடிக்கட்டா மாமா, என்று கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுப்பார். வாப்பா ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் கேட்காதே என்றும் சொன்னதில்லை. வீட்டு உறுதிப் பத்திரம் என் பேரில் இருக்கிறது, என்னைக் கேட்காமல் அவரை ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கிண்டல் செய்வேன். இவர் சிரிப்பார். கம்பனிக்காரர்களின் கடிதம் வந்த அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுகிற கையை நிறுத்தாமலே என்னிடம் சொன்னார்.

"அங்க வாடக வீடெண்டாலும் என்ட பேர்லதான் எழுதுவாங்களாம்."

அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்குமேல் அவர் எதுவும் விளக்கவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கத்தார் ரிப்போர்ட்டுக்குப் பத்து விரலும் மையில் தோய்த்து அடையாளம் அனுப்பவேண்டும். லொறி ஓட்டுவதற்கு முன்பு அவர் அங்கே பல வருசம் சீமெந்தில் வேலை செய்தவர். விரல்நுனிகளில் கோடுகள் தேய்ந்துபோயிருந்தன. ஸ்டேஷனில் அழுத்தி அழுத்தி எடுத்தார்கள். அனுப்பியது தெளிவில்லை என்று திரும்பி வந்தது. நான் தேங்காயெண்ணெய் பூசி விரல்களை உருவிவிட்டேன். மறுபடி போனார். கருமை போகாத கையோடு கரண்டியால் சோறு தின்றார். கடைசியில், கத்தாரில் முன்பு இவரோடு ஒரே அறையில் இருந்தவர் ஓடித்திரிந்து அதை எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாமே முடிந்துவிட்டது போல இருந்தது. அந்தப் பேப்பருக்கும் ஒரு ஆயுள் உண்டு, கொஞ்ச மாதத்தில் அது செல்லாக்காசாகிவிடும் என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் இலங்கை ரிப்போர்ட் என்ன பெரிய விசயம், எனக்கு வந்தது இவருக்கு வராமலா போகும் என்று நினைத்தேன்.

அந்த ரிப்போர்ட்டுக்காக இவருடைய விலாசத்தை விசாரிக்கப் பொலிஸ்காரர் வந்தது ஒரு காலைநேரம். இளம் ஆள், மலைநாட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மரியாதையான தமிழ். என் கணவர் கதிரை எடுத்துப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தார். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"இது உங்க வீடுங்களா?"

"இல்ல சேர். இது பொஞ்சாதிட வீடு."

"அப்ப உங்க வீடு எங்க இருக்கு?"

"உம்மாட வீடு ஓட்டமாவடில. அதும் இப்ப தங்கச்சிட. நான் இஞ்ச சும்மா வந்து இரிக்கன் சேர்."

எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் தெருவில் எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். மனைவியின் வீட்டை என் வீடு என்று சொல்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். உண்மையில், பொலிஸ்காரருக்கு முன்னாலும் இவர் பெருமையடிக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். மகளிடம் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினேன். பொலிஸ்காரர் நின்றபடியே குடித்துவிட்டு, நன்றி சொல்லி, கோப்பையைக் கவனமாகக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு நீண்ட நாள் ஒன்றும் வரவில்லை. வந்தபோது, விண்ணப்பதாரர் கொடுத்த விலாசத்தில் வசிக்கவில்லை என்று வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். மேசையில் இருந்தவர் வயதானவர், இந்தப் பக்கத்திலேயே பல காலம் வேலை செய்தவர். எங்கள் வழக்கம் இப்படி என்று நான் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். விளங்குகிறது என்றும் சொன்னார். ஆனால் பேப்பரில் இருப்பது உங்கள் கணவர் தன் வாயால் சொன்னது, அதை நான் மாற்ற ஏலாது, கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிப் புதிதாகப் போடுங்கள் என்றார். திட்டியிருந்தாலாவது நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

கிராம சேவகரிடம் போனால், எங்கள் வீட்டுப் பதிவில் இவர் பேர் இல்லை. பதிவு எடுக்க வந்தபோது மருமகன் கத்தாரில் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவரை விட்டுவிட்டார்கள். பழைய இடத்தில் பேர் இருந்தால் அங்கே கடிதம் எடுக்கலாம் என்றார் கிராம சேவகர். ஓட்டமாவடிக்குப் போனோம். அங்கே கல்யாணத்தோடு பேரை வெட்டிவிட்டார்கள். தங்கச்சி அண்ணனைப் பார்த்து அழுதாள். காக்கா இஞ்சதான் இரிக்காரு எண்டு நான் எழுதித் தாறன் என்றாள். அவளுடைய மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவர் பதித்த மாபிளை. இவர் வேண்டாம் என்று எழும்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் நெரிசலில் நின்றது. கீழே தோணியில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். இவர் அதைப் பார்த்தபடி, யாரோ தெரியாத மனிதனைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

"கத்தார்ப் பொலிசுக்கெண்டாலும் நான் எங்க இருந்த எண்டு தெரிஞ்சிரிக்கி."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொல், ஓம் என்று ஒரு சொல், அதைச் சொல்ல உங்களுக்கு என்ன வந்தது? ஆயிரம் பேர் ஆயிரம் பொய் சொல்லிப் போகிறார்கள், இது பொய்கூட இல்லையே என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் நிறுத்தத் தெரியாது. அவர் பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன்ட வாப்பா உள்ளுக்கு இருந்தாரு."

உள்ளறைக் கதவு அப்போதும் திறந்துதான் இருந்தது. வாப்பாவுக்குக் கேட்டதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

கிராம சேவகர் நல்ல மனிதர். தெரிந்தவர்களை விசாரித்து, பதிவைத் திருத்தி, ஒரு கடிதம் தந்தார். அதற்கு எடுக்கவேண்டிய காலத்தை அது எடுத்தது. இவர் புதிதாக விண்ணப்பம் போட்டார். அது எங்கோ ஒரு அடுக்கில் கிடந்தபோதே கத்தார்ப் பேப்பரின் தவணை முடிந்தது. மறுபடி விரல், மறுபடி மை, மறுபடி அந்த அறை நண்பரின் காலில் விழவேண்டும். பிறகு கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். மகள்தான் அதைப் போனில் வாசித்து எங்களுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த நாட்களில் எனக்கு எல்லாமே வெறுத்துப்போயிருந்தது. சமைத்தேன், கூட்டினேன், தொழுதேன், எதிலும் மனம் இல்லை. இவர் வாசல் கதிரையில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சும்மா வந்து இரிக்கன் என்று அவர் சொன்னது காதில் விழும். எங்களுக்குக் கல்யாணமான காலத்திலிருந்து இந்த மனிதர் என் வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறார். அது எனக்கு ஒரு பொலிஸ்காரர் வந்து கேட்கும்வரை உறைக்கவில்லை. உறைத்த பிறகும் நான் என்ன செய்ய முடியும்? உறுதியை மாற்றி எழுதினால் அவரே வாங்கமாட்டார். அது மகளுக்குப் போகவேண்டியது என்பார்.

கத்தாரில் பழைய முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டது. அவருக்கு இவரைத் தெரியும், வேறு விசாரணை தேவையில்லை. ஒரு கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பேக் இல்லை, ஆனால் அதே அளவு பேக். மகளின் சுவருக்குக் கூரை ஏற்றும்வரைக்கும்தான் என்று சொன்னார். அவருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது, வெயிலில் தலை சுற்றுகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாப்பாவிடம் போய், வாறன் மாமா, என்றார். வாப்பா அவர் கையைப் பிடித்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம். அவரை ஏற்றிய வான் போனபிறகு நான் குசினிக்குள் போய் அழுதேன். மகள் வந்து கதவடியில் நின்றாள்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அதே இளம் பொலிஸ்காரர். மழைக்கோட்டோடு நின்றார். இரண்டாவது விண்ணப்பம் அவரிடமே வந்திருந்தது. கிராம சேவகர் எங்கள் பக்கத்து வழக்கத்தை அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார் போல. போனமுறை தனக்கு விளங்காமல் போய்விட்டது, குறை நினைக்கவேண்டாம் என்றார். பேனாவை எடுத்துக்கொண்டு, இது அவரு வீடுதானுங்களே என்று கேட்டார், இந்தமுறை பதிலையும் தானே எடுத்துக் கொடுப்பது போல.

நான் வாயைத் திறக்குமுன் உள்ளறையிலிருந்து வாப்பா வந்தார். அவர் வாசல்வரை நடந்து வந்து பல நாளாகியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓம் தம்பி. இது என்ட மருமகன்ட வீடுதான்."

பொலிஸ்காரர் சிரித்தபடி அதை எழுதினார். நல்லதுங்க, அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க, ஒரு கையெழுத்துத்தான் என்றார். வாப்பா என்னைப் பார்த்தார். அவர் இங்கே இல்லை என்று நான் சொன்னேன். பொலிஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.