ரயில் இடிக்காத முனீஸ்வரர்

மழை விட்ட காலையில், கிள்ளான் பக்கம் பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தண்டவாளம் போட்ட நம் ஆட்கள் வைத்த முனீஸ்வரர் சன்னிதி ஓரத்தில் இருக்கிறது. ஓர் அக்கா சாமிக்குச் சுருட்டு பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

முன்னால் போன ஹெல்மெட்காரர் இறங்கிப் படம் எடுத்தார். "அக்கா, இது சைக்கிளுக்கு இடைஞ்சல் லா. எடுக்கச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பப் போறேன்."

தமிழர்தான்.

அக்கா திரும்பவேயில்லை. "அத்தனை வருஷம் ரயிலு போச்சு, இடிக்கல. உங்க சைக்கிள் ரயில விட அகலமா, பாஸ்?"

அவர் சிரித்துக்கொண்டே புகாரை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், சன்னிதியைத் தொடக்கூடாதென்று நானும் கழகத்துக்கு எழுதினேன். ஒரு கடிதம் போதாது. நீங்களும் எழுதுங்கள்.

லைக் மட்டும் போட்டுவிட்டு நழுவுகிறவர்களை முனீஸ்வரர் பார்த்துக்கொள்வார்.