விசாரணைக் கமிஷன் அக்கா

"மேசை மேல என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணா சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி, இரண்டு கால்களையும் நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு, அக்கா கண்ணை மூடிக்கொள்கிறார். எதிர்முனையில் இருப்பவர், வீடியோவை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது என்று புகார் சொல்ல போன் செய்தவர். தன் மேசையில் என்ன இருந்தால் இந்த அம்மாவுக்கு என்ன என்று அவருக்குக் குழப்பம். இருந்தாலும் சொல்கிறார். தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடிக் கூடு, மகளுடைய அகராதி. அகராதி எங்கே இருக்கிறது என்று கேட்டால், கீபோர்டின் இடது மூலையில் சாய்ந்தாற்போல் இருக்கிறதாம். "அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்கண்ணா. இப்ப இழுங்க." வீடியோ வந்து விழுந்துவிட்டது. அந்த மூலையில் உள்ள எஸ்கேப் பொத்தானை அகராதி அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது அமுங்கியிருந்தால் மவுஸில் பிடித்ததெல்லாம் பாதி வழியில் நழுவிப் போகும்.

இணையத்தில் வீடியோ தொகுத்துத் தரும் மென்பொருள் ஒன்றின் உதவித் தொலைபேசியில் அக்காவுக்கு வேலை. பிரவுசரில் பக்கத்தைத் திறந்து, வீடியோத் துண்டுகளை இழுத்து வந்து அடியில் உள்ள பட்டையில் போட்டால், அவை வரிசையாகச் சேர்ந்து ஒரு படமாகிவிடும். 'இழுங்கள், போடுங்கள், முடிந்தது' என்பது கம்பெனி விளம்பரம். மூன்றாவது சொல் வரை போய்ச் சேராதவர்கள் எல்லோரும் அக்காவுக்கு போன் செய்கிறார்கள்.

துருவித் துருவிக் கேட்கிற குணத்துக்காக உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'விசாரணைக் கமிஷன்'. அக்காவுக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. ஒரு தடவை கேண்டீனில் யாரோ அந்தப் பட்டப்பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டபோது, "ஆஜர்" என்று கையைத் தூக்கினார். அக்காவின் கொள்கை எளிமையானது. மெஷின் பொய் சொல்லாது. மனுஷங்களும் பொய் சொல்வதில்லை. ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள். அந்த விட்டுப்போனதைப் பிடுங்குவதுதான் தன் வேலை என்று அவருக்கு நினைப்பு.

ஒருவர் எழுத்து தெரியவில்லை என்று பிரவுசரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கீழே இருந்த பட்டையையே திரைக்கு வெளியே தள்ளிவிட்டு, எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர், சுருக்கிக் கட்டிய ஜிப் கோப்பை அப்படியே இழுத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். "மூட்டையை அவிழ்க்காம உள்ள இருக்கிற துணியை எப்படி சார் உடுத்துறது?" என்று அக்கா கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். ஒரு டீச்சரம்மா இழுத்து வந்து சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலேயே, "போட்டுட்டேனே, ஏன் ஒட்ட மாட்டேங்குது?" என்று சண்டைக்கு வந்தார். "பிடிச்சதை விடுங்கம்மா" என்று அக்கா சொன்னது அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் கேட்டது. அன்று முழுக்க யார் எதைக் கேட்டாலும் ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டிலும் இதே கூத்துதான். சுவிட்ச் போட்டும் விளக்கு எரியவில்லை என்று கணவர் சொன்னால் போதும், "அதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். மனிதர் பாவம், விளக்கே வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொள்வார். கல்லூரியில் படிக்கும் மகள், அம்மா கேட்பதற்குள் தானாகவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போகும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

இப்படிப்பட்ட அக்காவுக்குத்தான் போன வாரம் ஒரு சோதனை வந்தது. புதிதாக வந்த சூப்பர்வைசர் நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். போனில் வருகிறவர்களிடம் எதைக் கேட்கலாம், எந்த வரிசையில் கேட்கலாம் என்று பத்துக் கேள்விகளை அச்சடித்து எல்லோர் மேசையிலும் ஒட்டினார். பத்தும் கேட்டுச் சரியாகவில்லை என்றால், இழுக்காமலேயே கோப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றும் 'அப்லோட்' பொத்தானைக் காட்டிவிட்டு வைத்துவிட வேண்டியது. அக்காவுக்கு அந்தப் பொத்தான் மேல் பழைய பகை. வாசலில் வரவேற்புப் பலகை மாட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக வரச்சொல்வது என்ன மரியாதை என்பார்.

சூப்பர்வைசர் அக்காவின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே ஒரு அழைப்பைக் கேட்கப் போகிறேன் என்றார். கேள்வித்தாளைத் தாண்டிப் பேச்சுப் போனால் திங்கட்கிழமையிலிருந்து அக்காவுக்குப் போன் கிடையாது, சாட் பிரிவு. அங்கே யாரும் பேசுவதில்லை. எழுதி வைத்த பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டும். மனுஷக் குரல் கேட்காத இடத்தில் ஒரு நாள்கூடத் தன்னால் குப்பை கொட்ட முடியாது என்று அக்காவுக்குத் தெரியும். அன்று இரண்டு கால்களையும் கீழே தொங்கவிட்டு, செருப்பைப் போட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

போன் வந்தது. நடுத்தர வயதுப் பெண் குரல், அழுகையும் ஆத்திரமும் கலந்து. மாமனார் மாமியாருக்கு ஐம்பதாவது திருமண நாள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசி அனுப்பிய வீடியோக்களைச் சேர்த்து, சாயங்காலம் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு மூத்த மருமகளான இந்த அம்மாவுடையது.

"எல்லாரும் இழுத்தா வர்றாங்க. எங்க ஓர்ப்படி மட்டும் வரமாட்டேங்குறா."

கொழுந்தனாரின் மனைவிதான் அந்த ஓர்ப்படி. அவளுடைய வீடியோ மட்டும் இல்லாமல் படம் ஓடினால், மூத்தவள் வேண்டுமென்றே வெட்டிவிட்டாள் என்றுதான் ஊர் உலகம் பேசும். அப்படிப் பேசுவதற்கு இடமும் இருக்கிறது என்பது அந்த அம்மாவின் குரலிலேயே தெரிந்தது.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தே கேட்டார். எந்த பிரவுசர்? புதுப்பித்தீர்களா? இணையம் சரியாக இருக்கிறதா? கோப்பு எந்த இடத்தில் சேமிக்கப்பட்டுள்ளது? "கம்ப்யூட்டர்லதான்" என்று பதில் வந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எல்லாம் சரியாக இருந்தது. பத்தும் முடிந்தது. சூப்பர்வைசர் திருப்தியோடு தலையசைத்தார். வேறு வழியில்லாமல் அக்கா அப்லோட் பொத்தானைச் சொன்னார்.

"அதையும் பார்த்துட்டேங்க. அதை அமுக்கினா ஃபோல்டர் திறக்குது. எல்லாரும் இருக்காங்க. இவ அங்க இல்லவே இல்லை."

அக்காவின் கண் தானாக மூடிக்கொண்டது. வைத்துவிடலாம், தாளில் உள்ளதெல்லாம் கேட்டாகிவிட்டது. சூப்பர்வைசரும் வைத்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். மூடிய கண்ணுக்கு அது தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். செருப்பு கழன்று விழுந்தது. கால் மேலே ஏறியது.

"ஏம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஓர்ப்படியை மட்டும் நீங்க தனியா எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

அந்த அம்மாவின் குரல் இறங்கி வந்தது. எல்லோருடைய வீடியோவையும் 'நம்ம குடும்பம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் எடுத்து வைத்தாராம். அவளுடையதை மட்டும் அதில் வைக்கக் கை வரவில்லை. போனிலேயே விட்டுவிட்டார். போனைக் கேபிளில் மாட்டியிருப்பதால் கம்ப்யூட்டர் திரையில் அதுவும் தெரிகிறது, அங்கிருந்தே இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா சிரிப்பை விழுங்கினார். கேபிளின் மறுமுனையில் இருப்பது கண்ணுக்குத்தான் தெரியும், இழுத்தால் பிரவுசருக்கு வராது என்று விளக்கினார். "முதல்ல அவங்களையும் அந்த ஃபோல்டருக்குள்ள கொண்டு வந்து விடுங்க. அப்புறம் இழுங்க."

"அதே ஃபோல்டர்லயா?"

"டெஸ்க்டாப்ல வச்சாலும் வரும்மா. உங்க இஷ்டம்."

மவுஸ் சத்தம் கேட்டது. எந்த ஃபோல்டர் என்று அந்த அம்மா சொல்லவில்லை. அதிசயமாக அக்காவும் கேட்கவில்லை. வீடியோ வந்து விழுந்தது, உடனே ஓடவும் ஆரம்பித்தது. ஓர்ப்படியின் குரல் போன் வழியாக இங்கேயும் வந்தது. மாமா, அத்தைக்கு வாழ்த்து. பிறகு, இந்த வீட்டுக்கு வந்ததில் தனக்கு ஒரு பெரியக்கா கிடைத்தார் என்றது. "பெரியக்கா கொஞ்சம் கோபக்காரி. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பூரா என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. திட்டிக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தாங்க." அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அந்த அம்மா அதை இதுவரை திறந்தே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கோபக்காரியாம்" என்றார் அந்த அம்மா. அந்த வார்த்தையை மட்டும் வெட்ட முடியுமா என்று கேட்டார். முடியும் என்று அக்கா வழி சொல்லத் தொடங்கியதும், வேண்டாம், இருக்கட்டும் என்றார். அப்புறம் இன்னொரு சந்தேகம்.

"இதைக் கடைசியில போட்டிருக்கேன். முன்னாடி கொண்டு வரணும்னா?"

"பிடிச்சு இடது பக்கமா இழுங்க."

"எவ்வளவு தூரம்?"

"உங்களுக்கு எது வரைக்கும் மனசு வருதோ, அது வரைக்கும்."

போன் வைத்தாகிவிட்டது. சூப்பர்வைசர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். ஓர்ப்படியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது இந்தப் பத்தில் எத்தனையாவது கேள்வி என்று மெதுவாகக் கேட்டார்.

"நாலாவது சார்" என்றார் அக்கா. "கோப்பு எந்த இடத்தில் சேமிக்கப்பட்டுள்ளது. முதல் தடவை உங்க பாஷையில கேட்டேன். ரெண்டாவது தடவை அவங்க பாஷையில."

சூப்பர்வைசர் குனிந்து தாளில் நான்காவது கேள்வியைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். எழுந்து இரண்டடி போனார். அதற்குள் அடுத்த போன் அடித்தது. அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

அக்கா போனை எடுக்கவில்லை. வெறுங்காலை நீட்டி, அவர் விட்டுப்போன நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் இன்னும் நெருக்கமாகப் போட்டுவிட்டு, அவர் வந்து உட்காருகிற வரைக்கும் மணியை அடிக்கவிட்டார்.